சென்னைப் பல்கலைக்கழக வரலாறு: ஐந்து நாளில் எந்த ஆவணத்தை எங்கே பார்ப்பது?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். பிஎச்.டி. தலைப்பு 'சென்னைப் பல்கலைக்கழகமும் சென்னை நகரமும், 1857–1947'. அடுத்த மாதம் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் சென்னையில் ஆவண வேலை. நெல்லையிலிருந்து ரயிலில் வந்து எழும்பூரில் இறங்குவதாகத் திட்டம்.

நேராகச் சேப்பாக்கம் போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? பழைய பட்டமளிப்பு மண்டபமான செனட் ஹவுஸுக்குள் போய்ப் பார்க்க முடியுமா? கிண்டி, தரமணி, மெரினா என்று வளாகங்கள் ஊரெங்கும் கிடக்கின்றன. இவற்றில் எனக்கு எது தேவை? சுருக்கத்தைப் படித்த கைடு சொன்னது ஒரே வரி: "இதுல பல்கலைக்கழகம் இருக்கு, நகரத்தைக் காணோமே?" அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கூவக்கரை:

சேப்பாக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். எழும்பூரில் இறங்குகிறீர்கள் அல்லவா, அங்கேயே நில்லுங்கள். ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முதல் மூன்று நாளை அங்கே கொடுங்கள். காரணம் எளிது. பல்கலைக்கழகம் வைத்திருக்கும் தாள்களில் பல்கலைக்கழகம்தான் பேசும். நிலம், கட்டடம், பணம், சாலை என்று நகரம் சம்பந்தப்பட்ட பேச்செல்லாம் அரசாங்கக் கோப்புகளில் இருக்கிறது.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கல்லூரி முதல்வரோ கைடோ கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் (தலைப்பும் ஆண்டு வரம்பும் அதில் தெளிவாக இருக்கட்டும்), அடையாள அட்டையும் நகலும், இரண்டு பாஸ்போர்ட் படம். அனுமதி கிடைக்க நேரம் பிடிக்கலாம் என்பதால் கடிதத்தை முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிட்டுப் பிறகு கிளம்புவது நல்லது. பென்சில் கொண்டுபோங்கள். கேட்காமல் போனில் படம் எடுக்காதீர்கள்.

கோப்பைத் தேடும் முறையில்தான் புதியவர்கள் ஒரு நாளைத் தொலைப்பார்கள். 'சென்னைப் பல்கலைக்கழகம் பற்றிய கோப்பு' என்று கேட்டால் எதுவும் வராது. ஆண்டுவாரியாக, துறைவாரியாக அச்சிட்ட அட்டவணைத் தொகுதிகள் இருக்கின்றன. முதலில் அதை எடுத்து, துறை, அரசாணை எண், நாள் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கோப்பைக் கேட்கும் சீட்டு எழுத வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் சீட்டு திரும்பி வரும். கல்வித் துறை அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். செனட் ஹவுஸ் கட்டியது 1874 முதல் 1879 வரை. வடிவமைத்தவர் அரசின் கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஷோம். எனவே கட்டடப் பேச்செல்லாம் பொதுப்பணித் துறைத் தொகுதிகளில். அந்த நிலம் ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தைச் சேர்ந்தது. 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்த பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்தக் கதைக்கு வருவாய்த் துறையையும் அரசியல் துறையையும் பார்க்க வேண்டும். உங்கள் கைடு கேட்ட 'நகரம்' அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நவாபின் அரண்மனைத் தோட்டம் இருபது வருஷத்தில் பட்டமளிப்பு மண்டபமாக மாறுகிறது என்றால் அது கல்வி வரலாறு மட்டும் அல்ல.

தாள் உடையும் நிலையில் இருந்தால் தர மாட்டார்கள். அதற்காக ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் எப்போதும் ஒன்றிரண்டு மாற்று எண்ணைக் கையில் வைத்திருங்கள். சனி, ஞாயிறு கிடையாது. அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இன்னொரு பொறி. 1840களின் தாள்களில் 'மெட்ராஸ் யூனிவர்சிட்டி' என்று வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். அது பள்ளிக்கூடம். 1839 நவம்பரில் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் போனது. அதைத் தொடர்ந்து ஜார்ஜ் நார்ட்டன் தலைமையில் ஒரு 'யூனிவர்சிட்டி போர்டு' அமைந்து, 1841இல் எழும்பூரில் ஒரு உயர்நிலைப் பள்ளி திறந்தது. பின்னாளில் மாநிலக் கல்லூரி ஆனது அதுதான். சட்டப்படி பல்கலைக்கழகம் பிறந்தது 1857 செப்டம்பர் 5. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு, ஏமாறாதீர்கள். ஆனால் அந்த மனுவை உங்கள் முதல் இயலில் வையுங்கள். நகரத்து ஆட்கள் கேட்டு வாங்கிய நிறுவனம் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

அடுக்குநூலகன்:

கூவக்கரை சொன்னது சரி. ஆனாலும் சேப்பாக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது ஆண்டுதோறும் அச்சான பல்கலைக்கழகக் கேலண்டர்கள். பெயரைப் பார்த்து நாள்காட்டி என்று நினைத்துவிடாதீர்கள். விதிகள், செனட் உறுப்பினர் பட்டியல், இணைவு பெற்ற கல்லூரிகள், வினாத்தாள்கள், பட்டம் பெற்றவர்கள் பட்டியல் எல்லாம் ஒரே தொகுதியில் இருக்கும். பல தொகுதிகள் இணையத்தில் பிடிஎஃப்பாகவே கிடைக்கின்றன. ஊரிலிருந்தே இறக்கிப் படித்துவிட்டு, விடுபட்ட ஆண்டுகளை மட்டும் நேரில் பாருங்கள்.

அதை வைத்துச் செய்யக்கூடிய ஒரு வேலை: பத்தாண்டுக்கு ஒரு கேலண்டர் எடுத்து, பி.ஏ. தேறியவர்களைக் கல்லூரிவாரியாக எண்ணுங்கள். மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி, பச்சையப்பன் ஒரு பக்கம். கும்பகோணம், திருச்சி, நெல்லை, யாழ்ப்பாணம், மைசூர், திருவிதாங்கூர் மறுபக்கம். நகரத்தின் பங்கு எப்படி மாறுகிறது என்று உங்கள் கையாலேயே ஒரு அட்டவணை வந்துவிடும். எண்ணும்போது மூன்று இடத்தில் இடறும். ஒன்று, அட்டையில் உள்ள ஆண்டும் தேர்வு நடந்த ஆண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. உள்ளே தேர்வு நாளைப் பார்த்து எழுதுங்கள். இரண்டு, கல்லூரிப் பெயருக்குப் பதில் தனிப்படிப்பு என்றோ ஆசிரியர் என்றோ வரும் ஆட்களை எந்த ஊரிலும் சேர்க்காமல் தனிக் கட்டத்தில் போடுங்கள். மூன்று, ராமசாமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பெயரை வைத்து ஒருவரைப் பின்தொடரப் போனால் தலை சுற்றும். கிறித்தவக் கல்லூரி 1937 வரை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது, தாம்பரத்துக்குப் போனது அதன் பிறகு. எனவே உங்கள் காலத்தின் பெரும்பகுதிக்கு அது நகரக் கல்லூரிதான்.

யாழ்ப்பாணம் என்று எழுதியது சும்மா இல்லை. பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகச் சொல்லப்படும் இருவரும், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும், யாழ்ப்பாணத்துக்காரர்கள். 'சென்னை' என்று பெயர் இருந்தாலும் எல்லை கடல் தாண்டிப் போனது.

இன்னொன்று, நூலகத்தையே ஒரு இயலாக யோசியுங்கள். கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் பல்கலைக்கழக நூலகராகிறார். அப்போது நூலகம் எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகக் கட்டடத்தில் ஒண்டிக் குடித்தனம். சேப்பாக்கத்தில் இன்று பார்க்கிற சிவப்புக் கட்டடம் 1936இல்தான் வந்தது. நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931, நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்புமுறை 1933. இதோடு நிறுத்தினால் நிறுவன வரலாறு. அவர் முனைந்து நின்றதன் பயனாக 1948இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அந்தச் சட்டம் கொண்டுவந்த நூலக வரி இன்றும் சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகிறது. சென்னையில் யாருடைய சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தாலும் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். பல்கலைக்கழகத்து நூலகர் ஒருவர் நகரத்து வீட்டுக்காரர் பையில் கை வைத்த கதை. கைடு மறுக்க மாட்டார்.

கடலோர_ரயில்:

ஆவணம் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். போக்குவரத்து என் பங்கு.

பறக்கும் ரயில் பாதையைத் தெரிந்துகொண்டால் வளாகச் சிக்கல் பாதி தீர்ந்தது. எழும்பூரிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஒரே ஸ்டேஷன், பூங்கா. இறங்கிச் சாலையைக் கடந்தால் பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையம். அங்கிருந்து வேளச்சேரி ரயில். சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம். இதுதான் தலைமை வளாகம், நிர்வாகம், செனட் ஹவுஸ், வரலாறு உள்ளிட்ட துறைகள், ராமானுஜன் கணித நிறுவனம். ஸ்டேஷன் கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்புறம். வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைச் சாலைக்கு வந்து இடப்பக்கம் திரும்பி நடக்க வேண்டும், பதினைந்து நிமிஷம் வையுங்கள். அடுத்த ஸ்டேஷன் திருவல்லிக்கேணி. தமிழ் முதலிய மொழித் துறைகள் இருக்கும் மெரினா வளாகத்துக்கு இதில் இறங்கலாம். அது மாநிலக் கல்லூரிக்குத் தெற்கே. கோட்டூர்புரத்தில் இறங்கினால் கிண்டி வளாகம், ஆனால் நடை நீளம். வெயிலில் ஷேர் ஆட்டோவோ பஸ்ஸோ பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஏமாறும் இடம் தரமணி. அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகம், கணித அறிவியல் நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் எல்லாமே 'தரமணி' என்று முகவரி போடும். அதை நம்பித் தரமணி ஸ்டேஷனில் இறங்கினால் தாண்டிப் போய்விடுவீர்கள். இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்குங்கள். பழைய பத்திரிகைகளுக்காக ரோஜா முத்தையா நூலகம் எப்படியும் உங்களுக்கு வேண்டும். என்ன இதழ், எந்த ஆண்டு என்று முன்னாலேயே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் எடுத்து வைப்பார்கள்.

இன்னொரு குழப்பம், கிண்டியில் இரண்டு பல்கலைக்கழகம் பக்கத்துப் பக்கத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் வேறு, அண்ணா பல்கலைக்கழகம் வேறு. ஆட்டோக்காரரிடம் 'கிண்டி யூனிவர்சிட்டி' என்றால் அண்ணா பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிடுவார். வரலாறும் அப்படித்தான் பின்னிக் கிடக்கிறது. அழகப்பச் செட்டியார் நன்கொடையில் 1944இல் தொடங்கிய ஏ.சி. டெக் என்ற தொழில்நுட்பக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அந்தப் பக்கம் போய்விட்டது. 1944ஆம் ஆண்டுத் தாளில் உள்ள இடத்தை இன்றைய வரைபடத்தில் தேடும்போது இதை மனதில் வையுங்கள்.

சேப்பாக்கத்துக்கு எந்த நாள் போகக் கூடாது? மைதானத்தில் மேட்ச் உள்ள நாள். வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை எல்லாம் திருப்பிவிடுவார்கள், சாயங்கால ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. ஜனவரி கடைசியிலும் கவனம். குடியரசு தின அணிவகுப்பு கடற்கரைச் சாலையில் நடக்கும். முந்தைய நாட்களின் ஒத்திகைக்கும் காலையில் சாலையை அடைப்பார்கள்.

தங்க எழும்பூரில் லாட்ஜ் நிறைய. ஆனால் திருவல்லிக்கேணியில் தங்குங்கள் என்பேன். அந்த மேன்ஷன்கள், மெஸ்கள் எல்லாமே படிக்க வந்தவர்களையும் வேலை தேடி வந்தவர்களையும் நம்பி வளர்ந்தவை. பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள், அவற்றில் ஐம்பது அறுபது வருஷத்துப் பாடநூல் அகப்படும். வெளியே நின்று விலை கேளுங்கள், 'ஆராய்ச்சிக்கு வேணும்' என்று சொல்லிவிட்டால் விலை ஏறிவிடும்.

பொருநைக்கரை:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் தேர்வு மட்டும்தான் நடத்தியது என்கிறார்கள். அப்படியானால் 'ஆராய்ச்சி' என்பது எந்த ஆண்டிலிருந்து? 1947இல் நிறுத்துவது சரியா? இன்னொன்று, பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியான தமிழ் லெக்சிகன் எத்தனை தொகுதி என்று ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்களே?

ஃபை_ஸை:

முதல் கேள்விக்கு. லண்டன் பல்கலைக்கழக மாதிரி. கல்லூரிகள் சொல்லிக்கொடுக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். 1904 சட்டம் பாடம் நடத்தவும் ஆராயவும் கதவைத் திறந்தது, 1923 சட்டம் அதை விரித்தது. சொந்தத் துறைகள் 1914 வாக்கில் இந்திய வரலாறு, பொருளாதாரம் என்று தொடங்குகின்றன. அறிவியல் அதற்கும் பிறகு.

ஆனால் துறை வருவதற்கு முன்பே ஆய்வு உதவித்தொகை வந்துவிட்டது. ராமானுஜன் விவகாரத்தை அந்தக் கோணத்தில் படியுங்கள். 1913இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. பட்டம் கிடையாது. உதவித்தொகை விதியோ முதுகலைப் பட்டம் கேட்கிறது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார், பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் என்று இரண்டு வருஷத்துக்கு, 1913 மே முதல் கொடுக்கிறது. நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. அவர் கொடுத்தது மூன்று: 1913 ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9. பிறகு கப்பல். பலரும் இதை மேதையின் கதையாக எழுதிவிட்டார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு. துறைமுகம், மாநிலக் கல்லூரி, சிண்டிகேட் எல்லாம் ஒரே ஊரில் சில மைலுக்குள் இருந்ததால்தான் ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகம் இத்தனை மேஜைகளைச் சில மாதங்களில் சுற்றி வந்தது. அதற்கான தாள் சிண்டிகேட் நடவடிக்கைக் குறிப்புகளில். நோட்டுப் புத்தகங்களின் மூலம் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில். மூலத்தைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அச்சுப் பிரதியே உங்களுக்குப் போதும்.

1947இல் நிறுத்துவது பற்றி: தேசத்துக்கு அது திருப்புமுனை, இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை தொடர்ந்து துணைவேந்தர். நடுவில் கோடு போட்டால் அவர் காலம் இரண்டாக வெட்டுப்படும். 1963 வரை நீட்டுங்கள் என்பது என் யோசனை. 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியராகக் கிண்டிக்கு வருகிறார். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அந்த வருஷம் ஊருக்கு வந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி. பெர்னால் சொல்கிறார். மாதிரிக்கு எங்கே போவது? பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன் அங்கிருந்து கிடைக்கிறது. 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து மூன்று இழை முறுக்கு அமைப்பு. 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து புரத இழை எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும், இன்று ராமச்சந்திரன் வரைபடம் எனப்படுவது. செருப்புக்குத் தோல் பதனிடும் ஊர் என்பதால் தோல் ஆய்வுக்கூடம் வந்தது, அது பக்கத்தில் இருந்ததால் புரத அமைப்பியல் வந்தது. நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உறவு எங்கே என்று கேட்டால் இதைவிட நேராகக் காட்ட முடியாது.

அதே காலத்தில் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டிலேயே நடத்திய கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம்தான் 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனமாக ஆனது. தொடக்க விழா நடந்தது மாநிலக் கல்லூரி வகுப்பறை ஒன்றில். வீடு மயிலாப்பூர், விழா சேப்பாக்கம், கடைசியில் போய் நின்றது தரமணி. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், நகரம் தெற்கே நகர்ந்த வழி அப்படியே தெரியும்.

அடுக்குநூலகன்:

லெக்சிகன்: ஆறு தொகுதி, 1924 முதல் 1936 வரை. பின்னிணைப்பு 1939. அதையும் சேர்த்து எண்ணுபவர்கள் ஏழு என்பார்கள். பதிப்பாசிரியர் என்று வையாபுரிப் பிள்ளை பெயரை மட்டும் போடாதீர்கள், அவர் வந்தது 1926இல். வேலை 1913இல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கிவிட்டது. முதலில் மதுரையில் நடந்தது, பிறகுதான் சென்னைக்கு வந்தது. அது ஏன் வந்தது என்பது உங்கள் தலைப்புக்குள் வரும் கேள்வி. இணையத்தில் தேடும்போது பின்னிணைப்புச் சொற்களும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் பார்த்தால் அதைத் தனியாகப் புரட்டத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆய்வேடுகளில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குச் சேப்பாக்கம் என்று முகவரி இருக்கும். அது இப்போது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. அடிக்குறிப்பை நகலெடுத்து அங்கே போய் நிற்காதீர்கள்.

கூவக்கரை:

விட்டுப்போன ஒன்று, செனட் ஹவுஸ். வெளியே நின்று பார்க்கத் தடையில்லை. உள்ளே மண்டபம் எப்போதும் திறந்திருக்காது. பதிவாளருக்கு இப்போதே கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் திங்கள் காலை போய்த் தபால் பிரிவில் விசாரித்து, எந்த மேஜையில் நிற்கிறது என்று கேளுங்கள். உள்ளே விட்டார்களானால் வண்ணக் கண்ணாடியையும் மேற்கூரை ஓவியத்தையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், அங்கே கூடிய சட்டமன்றம் எங்கே உட்கார்ந்திருக்கும் என்றும் யோசியுங்கள். 1937 தேர்தலுக்குப் பிறகு ஜூலையில் மெட்ராஸ் சட்டமன்றம் முதலில் கூடியது அந்த மண்டபத்தில்தான். டிசம்பர் வரை அங்கேயே நடந்தது, 1938 ஜனவரியில் விருந்து மண்டபத்துக்கு, அதாவது இன்றைய ராஜாஜி மண்டபத்துக்கு மாறியது. பட்டமளிப்பு மண்டபம் ஐந்தாறு மாதம் சட்டமன்றம். அந்த அமர்வுகளின் நடவடிக்கைத் தொகுதி அச்சில் இருக்கிறது, கன்னிமாராவில் கேளுங்கள். ஆவணக் காப்பகத்திலிருந்து பாந்தியன் சாலை ஆட்டோவில் பத்து நிமிஷம், வியாழன் மத்தியானம் அங்கே போனால் போதும்.